ஏரிக்குச் சேரவேண்டிய இடுப்பெலும்பு

விஞ்ஞானிகள் இனிமேல் மக்களுக்குப் புரியும்படி பேச வேண்டும் என்று அந்த வருஷம் பனி உருகும் காலத்தில் அரசாங்கம் உத்தரவு போட்டது. அதுவரை யாருக்குப் புரியும்படி பேசிக்கொண்டிருந்தார்கள் என்று உத்தரவில் சொல்லப்படவில்லை. உத்தரவு தலையணை கனத்துக்கு இருந்தது. அதை வாசித்த ஒருவருக்கும் அது புரியவில்லை என்பதால், இது சாதாரண உத்தரவு இல்லை, மிக முக்கியமானது என்று எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

அந்த உத்தரவு வந்து விழுந்த தலைகளில் பெகிமாயின் தலையும் ஒன்று. மலையுச்சிப் பனியாறுகள் உருகித் தேங்கும் ஏரிகளை அளப்பது அவளுக்குச் சம்பளம் கொடுத்துச் சொல்லியிருக்கும் வேலை. தாஷ்-கெச்சூ என்ற ஊருக்கு நேர் மேலே அப்படியொரு ஏரி இருந்தது. அதைத் தாங்கி நின்றது கரை இல்லை. பனிக்கட்டியும் சரளைக் கல்லும் சேர்ந்த ஒரு மேடு. பனிக்கட்டி என்றைக்காவது உருகும், உருகினால் ஏரி மொத்தமும் ஆற்றோடு இறங்கி ஊருக்குள் வரும். இதைத் தெரிந்துகொள்ள விஞ்ஞானம்கூட வேண்டாம். ஆனால் விஞ்ஞானியான பெகிமாய் சொன்னாள் என்பதற்காகவே ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை.

வருஷா வருஷம் ஏரியை அளந்துவிட்டு இறங்கி வந்து, ஊர் மன்றத்தில் படம் போட்டுக் காட்டுவாள். நாற்பது படம். மூன்றாவது படத்தில் முதல் வரிசை தூங்கும். பத்தாவது படத்தில் கடைசி வரிசை குறட்டை விடும். முப்பதாவது படத்தில் கிராமத் தலைவர் சாகின்பெக் மட்டும் விழித்துக்கொள்வார், கேள்வி கேட்கவேண்டியது பதவிக்குரிய கடமையாயிற்றே.

"சரிம்மா, இந்த வருஷம் உடையுமா, உடையாதா? ஒரே வார்த்தையில சொல்லு."

"உடையறதுக்கு வாய்ப்பு நூத்துக்கு நாப்பது, தலைவரே."

"அப்ப மிச்சம் அறுபது நம்ம பக்கமா?"

"அப்படிச் சொல்ல முடியாது..."

"நான் நூத்துக்கு முப்பத்தஞ்சு ஓட்டு வாங்கியே ஜெயிச்சவன்மா. அறுபதுன்னா அசைக்க முடியாத மெஜாரிட்டி. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்!"

எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெகிமாய் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவாள்.

அங்கேதான் அவளுக்கு நெஞ்சு அடைக்கும். அக்கா கெரிம்பூபுவின் வீடு ஆற்றங்கரையில் முதல் வீடு. அக்காவின் புருஷன் ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அக்காவும், இரண்டு பொடிசுகளும், ஒரு மாடும். ஏரி கிளம்பினால் முதலில் கதவைத் தட்டப்போவது அந்த வீட்டில்தான். ஊர் எக்கேடும் கெடட்டும் என்று விட்டாலும் அக்காவை எப்படி விடுவது? அக்காவோ, அசைவேனா என்று உட்கார்ந்திருந்தாள்.

"போன வருஷம் நீ சொன்னேன்னு பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு மேலே போய்க் குளிர்ல கிடந்தேன். உன் ஏரி வந்துச்சா? பக்கத்து ஊரு மாடுதான் வந்துச்சு. என் முட்டைக்கோஸ் பூராவும் போச்சு. அதுக்கு வாய்ப்பு எத்தனைன்னு ஏன்டி சொல்லலை?"

"அக்கா, போன வருஷம் வராததாலே இந்த வருஷம்..."

"வாயை மூடு. ரொட்டி ஆறுது, தின்னு."

நிலைமை இப்படி இருக்கையில்தான் தலைநகரத்திலிருந்து ஷைலோபெக் வந்து இறங்கினார். அந்த ஊர்ப் பாஷையில் 'ஷைலோ' என்றால் தேர்தல்; தேர்தல் நாளில் பிறந்ததால் அவருக்கு அந்தப் பெயர். பிறந்ததிலிருந்தே யாரோ தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்ட மாதிரி ஒரு களை முகத்தில் உண்டு. 'விஞ்ஞான-வெகுஜன நல்லிணக்கப் பேரியக்ககம்' என்று புதிதாகத் திறந்த அலுவலகத்தில் அவர் துணை இயக்குநர். இயக்குநர் இன்னும் நியமிக்கப்படவில்லை. ஆகவே அவர் யாருக்கும் துணையாக இல்லாமல் தனியாகவே துணை இயக்குநராக இருந்தார். கையில் ஒரு கருவி வைத்திருந்தார். அதன் பெயர் கைதட்டல்மானி. கூட்டத்தில் எழும் கைதட்டலை அது அளந்து முள்ளில் காட்டும். முள் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவு தூரம் விஞ்ஞானம் மக்களைச் சென்றடைந்திருக்கிறது என்று பொருள்.

பெகிமாயின் பழைய கூட்டங்களைப் பற்றி அவர் விசாரித்து வைத்திருந்தார்.

"போன வருஷம் உங்க கூட்டத்துல ஒரே ஒரு கைதட்டல்தான் கேட்டுதாம்."

"அது கைதட்டல் இல்லைங்க ஐயா. தலைவர் ஈ அடிச்சாரு."

"பாத்தீங்களா? ஈ அடிக்கிறவரை உங்க பேச்சு இருந்திருக்கு. ஏன்னு யோசிச்சீங்களா? நீங்க ஜனங்களைப் பயமுறுத்தறீங்க. பயந்த ஜனங்க கை தட்டமாட்டாங்க. இனிமே 'வெள்ளம்'ங்கற வார்த்தை கூடாது."

"பின்னே என்னன்னு சொல்றது?"

"ஏரியின் முன்னேற்றம்."

"கரை உடையும்ங்கறதை?"

"ஏரி மனம் திறக்கும்."

"ஜனங்க செத்துப்போவாங்களே ஐயா!"

ஷைலோபெக் கொஞ்சம் யோசித்தார். கையேட்டைப் புரட்டினார். "பொதுமக்கள் பங்கேற்பு குறைய நேரிடும்" என்றார்.

"எண்ணிக்கை ஏதாவது சொல்லலாமா?"

"ஒண்ணுகூடக் கூடாது. நம்பர் சொன்னா மனசு மூடிக்கும். நீங்க ஏரியாவே மாறி, ஏரி பேசற மாதிரி பேசணும். தலைநகரத்துல இப்ப இதுதான் மோஸ்தர். போன வாரம் ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர் வெட்டுக்கிளியாப் பேசினார். ஜனங்க அழுதுட்டாங்க. வயல் போனதுக்கு அழலை. வெட்டுக்கிளிக்காக அழுதாங்க. அதுதான் வெற்றி."

உத்தரவு உத்தரவுதான். சம்பளம் அந்த வழியாகத்தான் வருகிறது. பெகிமாய் மன்றத்தில் ஏறி நின்றாள். படம் இல்லை, எண் இல்லை. ஷைலோபெக் சொன்னபடியே பேசினாள்.

"அன்பார்ந்த மக்களே! நான்தான் உங்க ஏரி. ரொம்ப நாளா மேலேயே தனியா இருக்கேன். நாளுக்கு நாள் நிறைஞ்சுக்கிட்டே வரேன். இந்தக் கோடையில உங்களை வந்து பார்க்கணும்னு ஆசையா இருக்கேன். வீட்டுக்கு வீடு வருவேன்."

முதல் வரிசை தூங்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து நின்றே கேட்டுக்கொண்டிருந்தான். கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. முள் ஒரே பாய்ச்சலில் கடைசிக்குப் போய் அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. ஷைலோபெக்கின் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

சாகின்பெக் எழுந்தார். "நாலு வருஷமா நம்ம வாய்க்கால்ல தண்ணி பத்தலை. இப்ப ஏரியே வீடு தேடி வரேன்னு சொல்லுது. இதை ஏன்மா இத்தனை வருஷமா எங்ககிட்ட மறைச்சே?"

"தலைவரே, நான் மறைக்கலை..."

"புல் அறுப்புக்கு முன்னாடியே வரச்சொல்லு. அப்புறம் வந்தா யாருக்குப் பிரயோசனம்? இதைத் தீர்மானமாப் போட்டுடுவோம். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க!"

ஏரி முன்கூட்டியே வரவேண்டும் என்று ஊர் ஏகமனதாகக் கேட்டுக்கொண்டது. கையைத் தூக்கியவர்களில் அக்காவும் இருந்தாள். அவளுக்கு உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் வேண்டும்.

பெகிமாயால் தாங்க முடியவில்லை. மேடை நுனிக்கு வந்து, "அட பாவிகளா, வந்தா எல்லாரையும் அடிச்சுக்கிட்டுப் போகும்! ஓடுங்க!" என்று கத்தினாள்.

ஜனங்கள் சிரித்தார்கள். ஏரி கோபப்படுவது போல் எவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறாள்! முள் இன்னும் கொஞ்சம் நகர இடம் தேடியது.

கூட்டம் முடிந்ததும் ஷைலோபெக் அவளைத் தனியே கூப்பிட்டார். "எல்லாம் பிரமாதம். ஆனா 'ஓடுங்க'ன்னது அதிகார தோரணை. அடுத்த முறை, 'மேல்நோக்கிய நகர்வுக்கு உங்களை அன்புடன் அழைக்கிறோம்'னு சொல்லுங்க."

அடுத்த முறை என்று ஒன்று இருந்தால்தானே. பெகிமாய் மறுபடி மலை ஏறிப் பார்த்தாள். மேட்டின் அடியில் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் நீர் நின்று போயிருந்தது. பனிக்கட்டிக்கு நடுவே குதிரை நுழையும் அகலத்துக்கு விரிசல். உள்ளே எங்கேயோ கட்டைக் குரலில் முனகுகிற சத்தம். பல வருஷம் அளந்த அனுபவத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் மாதக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. ஓட்டமும் நடையுமாக இறங்கி நேரே அக்கா வீட்டுக்கு வந்தாள்.

அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, உன் காலைப் பிடிச்சுக்கறேன். பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு இன்னிக்கே மேலே வா."

"காலைப் பிடிக்காதே, மாவு கொட்டிடும். எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."

"செத்துப்போவேக்கா!"

"எல்லாரும்தான் ஒரு நாளைக்குச் சாவாங்க. இவ ஒருத்தி, எப்பப் பாரு சாவு, சாவுன்னுகிட்டு! பிறந்ததிலிருந்து இவ வாயில நல்ல வார்த்தை வந்ததில்லை. விருந்துன்னு கூப்பிடுடி, வரேன். சாவுன்னு கூப்பிட்டா எவ வருவா?"

பெகிமாய் அப்படியே நின்றாள். இத்தனை வருஷப் படிப்பிலும் நாற்பது படத்திலும் கிடைக்காத விஷயம் மாவுக் கையோடு வந்து விழுந்திருந்தது. இந்த ஊரில் விருந்து என்று சொன்னால் வராதவன் கிடையாது. தொட்டில் குழந்தையிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடப்பவர் வரை, வண்டியில் ஏற்றியாவது கொண்டுவந்துவிடுவார்கள். அண்டை வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லாதவன்கூட அவன் வீட்டு விருந்துக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றுவிட்டுப் போவான். பந்திக்கு முந்து என்பது மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான தர்மம்.

நேரே ஷைலோபெக்கிடம் போனாள்.

"ஐயா, நம்ம ஏரிக்கு இந்த வருஷம் அறுபது வயசு. ஒரு விழா எடுக்கலாமா?"

ஷைலோபெக் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஏரிக்கு மணிவிழா! இது ஏன் எனக்குத் தோணலை? இல்லை, எனக்குத்தான் தோணிச்சு, நீங்க ஞாபகப்படுத்தினீங்க. ஆத்தங்கரையில மேடை போடுவோம். கார் வந்து நிக்க வசதி."

பெகிமாய்க்கு உயிர் ஒரு நிமிஷம் நின்றது. ஆனால் அதிகாரியிடம் பேசுகிற பாஷை இதற்குள் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"போடலாம் ஐயா. ஆனா ஆத்தங்கரை ஊரிலேயே தாழ்ந்த இடம். மரியாதைப்பட்ட விருந்தாளியை மேலிடத்துலதான் உக்காத்தணும். உங்களைப் போய்ப் பள்ளத்துல உக்கார வச்சா, நாளைக்குத் தலைநகரத்துல என்ன பேசுவாங்க?"

ஷைலோபெக்கின் முகம் இறுகியது. "எவ்வளவு உயரமான இடம் இருக்கு?"

"கிழக்குப் புல்மேடு. அதுக்கு மேலே கழுகுதான்."

"அங்கேயே வைங்க" என்றார் அவர்.

ஊரே மேடேறியது. உயிருக்கு ஆபத்து என்றபோது ஒரு சட்டியை நகர்த்தாத ஜனங்கள், விருந்து என்றதும் கம்பளி விரிப்பு, சீதனப் பெட்டி, சமோவார், ஆடு, மாடு, கோழிக்கூண்டு வரை கட்டிக்கொண்டு வந்தார்கள். மல்யுத்தப் பந்தயத்துக்கு மாட்டையே பரிசாக வைக்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்டதில் ஊரில் ஒரு மாடுகூட மிச்சமில்லை. கிளப்பிவிட்டது பெகிமாய்தான். அக்கா, பொடிசுகளுக்குப் புதுச் சட்டை மாட்டி, ஒரு கூடை போர்சோக் பணியாரம் பொரித்துக்கொண்டு, முதல் ஆளாக வந்து சேர்ந்தாள்.

"பாத்தியா? இப்படி நல்லதாக் கூப்பிட்டா வரமாட்டேனா?" என்று தங்கையின் கன்னத்தில் இடித்தாள்.

கூடாரங்கள் எழுந்தன. குதிரைப் பந்தயம் நடந்தது, மல்யுத்தம் நடந்தது. புளித்த குதிரைப்பால் தோல்பையிலிருந்து ஓடியது. முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று. ஏரி வரவில்லை. பெகிமாய் மட்டும் சாப்பிடவில்லை. கல்லெடுத்து எறிகிற தூரத்தில் நின்று, காதை மலைப்பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் ஜனங்கள் ஏப்பம் விட்டார்கள். விரிப்புகளைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அக்கா கூடையை எடுத்துவிட்டாள். "போதும்டி, வீட்டுல வேலை கிடக்கு."

பெகிமாய் ஓடினாள். பந்தி கலைவதற்கு முன் தலைமை விருந்தாளி வாழ்த்துச் சொல்ல வேண்டும், அவர் சொல்லி முடிக்கும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கக்கூடாது. இது இந்த மலைகளில் சட்டத்துக்கும் மேற்பட்ட சட்டம். ஷைலோபெக்கிடம் போய், "ஐயா, ஜனங்க உங்க பேச்சைக் கேக்கத் தவிக்கிறாங்க. சுருக்கமாப் பேசிடாதீங்க" என்றாள்.

அந்த மாதிரி வேண்டுகோள் அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எழுந்தார். பேரியக்ககம் உருவான வரலாற்றிலிருந்து தொடங்கினார். அதன் கொள்கை, குறிக்கோள், கிளைக்குறிக்கோள், எதிர்காலத் திட்டம் எல்லாம் சொன்னார். சூரியன் மேற்கே சாய்ந்தது. ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர்கூட எழவில்லை. அவர் பேச்சு முதல்முறையாக உலகத்துக்கு உபயோகமாக இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

பேச்சு முடிந்ததும் வந்தது கடைசி இறைச்சி. எலும்பு பங்கிடுவது துர்தாகுன் என்ற கசாப்புக்காரர். யாருக்கு எந்த எலும்பு என்பதில் அவர் வைத்ததுதான் தீர்ப்பு. தொடையெலும்பு மாமனாருக்கு, விலா மருமகளுக்கு, கை மாறிப் போனால் தலைமுறைக்கும் பகை. இடுப்பெலும்புதான் உச்சபட்ச மரியாதை. அதை ஒரு தட்டில் வைத்து, ஷைலோபெக்கைத் தாண்டிக்கொண்டு போய், ஆளில்லாத ஒரு விரிப்பின் முன்னால் வைத்தார் துர்தாகுன்.

"அங்கே யாரு?" என்றார் ஷைலோபெக்.

"ஏரி."

"என்னது?"

"விருந்து யாரு பேருல நடக்குது? ஏரி பேருல. மணிவிழா யாருக்கு? ஏரிக்கு. இடுப்பெலும்பு அதுக்குத்தான். உங்களுக்குத் தோளெலும்பு வச்சிருக்கேன், நல்லா சதை இருக்கு."

"நான் அரசாங்கம்யா!"

"அரசாங்கத்துக்குத் தோளெலும்புதான்."

ஷைலோபெக் எட்டி அந்தத் தட்டை இழுத்துக்கொண்டார். கூட்டம் மூச்சை இழுத்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் யாரையும் பார்க்காமல் கடித்து, இழுத்து, சப்பி, எலும்பை வெள்ளையாக்கி வைத்தார். வைத்த கையோடு மலை உறுமியது.

பெகிமாய் கண்ணை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் எல்லோரும் திறந்துகொண்டு பார்த்தார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் பள்ளத்தாக்கில் திரும்பியது. பாறைகள் அதில் பட்டாணி மாதிரி உருண்டன. ஆற்றங்கரை வீடுகள் ஒவ்வொன்றாக மடங்கின. நாற்பது படம் காட்டிய மன்றக் கூடம் போயிற்று. அக்கா வீட்டில் வாசற்கதவு மட்டும் நிலையோடு நின்றது. ஊரில் மிச்சமிருந்த உயிர் ஒரு சேவல். அதுவும் மறுநாள் காலை கரையில் ஒதுங்கிய ஒரு கூரை மரத்தின் மேலிருந்து கூவியது.

அக்கா பொடிசுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெகிமாய் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிழைத்துவிட்டார்கள். எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் மண்ணும் மரமும்தானே என்று அவளுக்கு ஆனந்தமாகவே இருந்தது.

அந்த ஆனந்தம் விடியும்வரை நீடித்தது. விடிந்ததும் ஊர்க்கூட்டம் கூடியது. ஏன் இப்படி நடந்தது என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை.

"ஏரியோட எலும்பை இந்த ஆளு தின்னுட்டான்" என்றார் துர்தாகுன். "பந்தியில கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்தினா எவருக்குத்தான் கோபம் வராது? என் மச்சான் வெறும் விலா கிடைச்சதுக்கே பதினோரு வருஷமா வீட்டுப் படி மிதிக்கலை. இது ஏரி!"

எல்லோரும் ஷைலோபெக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெகிமாயின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, சொல்லுங்கம்மா! உங்க நாப்பது படத்தையும் போடுங்க! நம்பர் எல்லாத்தையும் சொல்லுங்க!"

"நம்பர் கூடாதுன்னீங்களே ஐயா. மனசு மூடிக்குமே."

"மூடட்டும்மா, எனக்கு மண்டை உடையாம இருந்தாப் போதும்!"

பெகிமாய் ஒரு குச்சியை எடுத்துத் தரையில் வரைந்தாள். பனிக்கட்டி எப்படி உருகியது, விரிசல் எப்படி விழுந்தது, எந்த எலும்பை யார் தின்றிருந்தாலும் ஏரி எப்படி வந்தே தீர்ந்திருக்கும் என்று தெளிவாகச் சொன்னாள். ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. போய்த் தூங்க வீடு இல்லை. சொல்லி முடித்ததும் சாகின்பெக் தொண்டையைக் கனைத்தார்.

"நல்லாப் புரிஞ்சுதும்மா. இத்தனை தெளிவா யாரும் சொன்னதில்லை. இப்ப ஒரு கேள்வி. பனிக்கட்டிதான் காரணம்னா, எங்களுக்கு யாரு வீடு கட்டித் தருவா?"

"அது... இயற்கை, தலைவரே."

"இயற்கை கொத்தனாரை அனுப்புமா? அனுப்பாது. ஆனா அரசாங்க ஆளு எலும்பைத் தின்னதுதான் காரணம்னா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் கணக்குப் போடுகிற சத்தம் அது.

மாகாணத்திலிருந்து விசாரணைக் குழு வந்தது. அவர்கள் நியாயமானவர்கள். இயற்கைச் சீற்றம் என்றால் ஆழ்ந்த அனுதாபம் தருவோம், அரசு அலுவலரின் கடமைத் தவறு என்றால் வீடு கட்டித் தருவோம் என்று விதியை எடுத்துச் சொன்னார்கள். எது என்று விஞ்ஞானி கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். விஞ்ஞானத்தின் குரலுக்கு மதிப்புக் கொடுப்பதுதான் புதிய கொள்கை.

அன்று மாலை அக்கா தேநீர்க் கிண்ணத்தோடு வந்தாள். குரலில் அதட்டல் இல்லை. அதுதான் பெகிமாயைப் பயமுறுத்தியது.

"தங்கச்சி, நீ சொன்னதெல்லாம் நிஜம்னு எனக்குத் தெரியுது. நான்தான் கேக்கலை, என் புத்தி. ஆனா இன்னும் கொஞ்ச நாள்ல பனி விழும். இதுங்களைக் கூடாரத்துல வச்சுக்கிட்டு நான் எப்படிடி? உன் பனிக்கட்டி எனக்கு ஒரு கூரை போட்டுக் குடுக்குமா? எலும்பு குடுக்கும்டி."

சின்னவன் கூடாரத்துக்குள் இருமிக்கொண்டிருந்தான். பெகிமாய் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள்: 'மேற்படி ஏரிக்கு மரபுப்படி சேரவேண்டிய இடுப்பெலும்பு அரசு அலுவலரால் உட்கொள்ளப்பட்டது. அதனைத் தொடர்ந்து மேற்படி ஏரி உடைந்தது.' ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

குழு அதை வாசித்துப் பூரித்துப்போயிற்று. இத்தனை சுருக்கமாக, சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி ஒரு விஞ்ஞானி எழுதி அவர்கள் பார்த்ததில்லை. அதை அச்சடித்து மாகாணம் முழுக்க மாதிரியாக அனுப்பினார்கள். ஷைலோபெக்குக்குக் கடுமையான தண்டனை கிடைத்தது. தலைநகரத்துக்கே திருப்பி அழைத்து, காலியாக இருந்த இயக்குநர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஓர் ஊரே ஒருவர் விடாமல் பங்கேற்ற நிகழ்ச்சி வேறு எந்த மாகாணத்திலும் நடந்ததில்லையாம்.

பெகிமாய் குளிர்காலம் முழுக்க வேறு மலைகளில், வேறு ஏரிகளை அளந்துகொண்டிருந்தாள். அங்கே போன இடமெல்லாம் மரியாதை. "எலும்புக் கணக்கு கண்டுபிடிச்ச அம்மா வந்திருக்காங்க" என்று ஓடி வந்தார்கள். பனி உருகியதும் தாஷ்-கெச்சூவுக்கு மேலே ஏறிப் பார்த்தாள். ஏரி உடைந்துகொண்டு போன இடத்தைப் பாறையும் பனியும் சரிந்து அடைத்துக்கொண்டிருந்தன. உள்ளே நீர் மறுபடி ஊறி, நிறைய ஆரம்பித்திருந்தது. வழியில் ஒரு பாறைமேல் கழுவித் துடைத்த மாதிரி ஓர் இடுப்பெலும்பு கிடந்தது. அப்போதே அவளுக்கு ஏதோ கலக்கமாக இருந்தது.

ஊருக்குள் இறங்கினாள். புத்தம் புது வீடுகள், நீலத் தகரக் கூரைகள். எல்லாம் ஆற்றங்கரையில், பழைய இடத்திலேயே. அக்கா வீடு மட்டும் பழைய இடத்தில் இல்லை. தண்ணீருக்கு இன்னும் பத்தடி கிட்டே வந்திருந்தது.

"ஐயோ அக்கா! மேலே கட்டச் சொல்லியிருக்கலாமே! இங்கேயா மறுபடி கட்டுவாங்க?"

அக்கா ரொட்டியைப் பிட்டுத் தங்கை முன்னால் வைத்தாள். முகத்தில் அத்தனை நிம்மதி.

"ஏன்டி பதறுறே? ஏரிக்கு இப்ப என்ன குறை? இந்த வருஷத்துலேருந்து வருஷா வருஷம் அதோட எலும்பை நாங்களே தூக்கிட்டுப் போய் வச்சிடறோம். நல்ல கொழுத்த ஆடா."

"எலும்புக்கும் ஏரிக்கும் சம்பந்தமே இல்லைக்கா! பனிக்கட்டி மறுபடி அடைச்சுக்கிட்டிருக்கு, நானே பாத்துட்டு வரேன். வாய்ப்பு இந்த வருஷம் நூத்துக்கு..."

"சும்மா இருடி. வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டா." அக்கா அவள் கிண்ணத்தில் தேநீரை நிரப்பினாள். "நீதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தே? படிச்சவ சொல்லி நாங்க எப்பக் கேக்காம இருந்திருக்கோம்?"